வள்ளிமயிலின் வயது

ஆனி 1, திங்கள்

அனல் காற்று. பள்ளி திறப்பு. சேர்க்கைப் பதிவேடு என் பொறுப்பு. மதுரைச் சீமையில் இந்தக் கையெழுத்துக்கு ஈடில்லை. கூட்டம் சித்திரைத் திருவிழாவைத் தோற்கடித்தது. செல்லூர் நெசவாளர் பிள்ளைகள் பாதி. பழங்காநத்தத்தில் ஏர் பிடிக்கும் சம்சாரி வீட்டார் கால். மிச்சம் பசுமலைக் கிறிஸ்தவ வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள். இவர்களுக்கு மட்டும் ஞானஸ்நானச் சீட்டில் பிறந்த தேதி. மற்றவர்களுக்கு நானே பிரமன்.

"பய எப்பம்மா பிறந்தான்?"

"ஆத்துல வெள்ளம் வந்து எங்க எருமை போச்சுல்ல சார், அந்த வருசம்."

எருமைக்கு அனுதாபம் சொல்லிவிட்டு, ஜூலை ஒன்று என்று போட்டேன். இன்று பிறந்த பிள்ளைகள் ஆயிரம். அனைவரும் ஜூலை ஒன்று.

எட்டாம் வகுப்பில் பெண்கள் மூவர். மூன்றாமவள் அண்ணன் மகள் வள்ளிமயில். வரவில்லை.

ஆனி 2, செவ்வாய்

காரணம் அண்ணன் ரூபத்தில் வந்தது. ஆவணியில் வள்ளிக்குக் கல்யாணமாம். மாப்பிள்ளைக்குச் சோழவந்தான் ஊர். வெள்ளைக்கார சர்க்காரின் புதுச் சட்டப்படி பெண்ணுக்குப் பதினாலு முடிந்திருக்க வேண்டும். சம்பந்திக்கு ஜெயில் பயம். பள்ளிக்கூடத்து வயதுச் சீட்டு கேட்கிறார்.

"பதினஞ்சுன்னு எழுதிக் குடுடா."

"பன்னெண்டுதானண்ணே முடிஞ்சிருக்கு. படிக்கட்டுமே."

"ஓணானைப் பாத்தா முதலைம்ப. அம்புட்டையும் கூட்டிப் பேசுறவனுக்கு மூணு வயசு கூட்டக் கசக்குதோ?"

"யோசிச்சுச் சொல்றேண்ணே" என்றேன். சரித்திரத்தில் முதல் முறை.

பிள்ளை புத்தகத்துக்கெல்லாம் அட்டை போட்டு அடுக்கி வைத்திருக்கிறாளாம். அண்ணனே சொன்னார், கேலியாக.

ஆனி 3, புதன்

சீட்டு எழுதினேன். அவள் பிறந்த அன்று மருத்துவச்சியைக் கூட்டிவர வண்டி ஓட்டியவன் நான். (மாட்டுக் கால் தரையில் படவில்லை. தேதி மட்டும் நிஜம்.) ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போடும்போது, "இதுக்கு மட்டும் ஏன் ஜூலை ஒண்ணு இல்ல?" என்றார்.

உறையை ஒட்டி அண்ணனிடம் கொடுத்தேன். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது.

"கூட்டிட்டியா?"

"எழுத வேண்டியதை எழுதிட்டேண்ணே."

ராத்திரி சோறு இறங்கவில்லை. ஆறே இட்லி.

ஆனி 5, வெள்ளி

பள்ளி மைதானத்தில் இடி முழக்கம். அண்ணன்.

"பன்னெண்டுன்னு சம்பந்தி சபையில வாசிக்காருடா! நிச்சயத் தாம்பாளத்தைத் திருப்பித் தூக்கிட்டு வாரேன். மாத்தி எழுது!"

"பதிவேட்டுல ஏறிருச்சுண்ணே. மாத்துனா எனக்கு ஜெயில்."

"தூக்குன்னுல்ல சொல்லுவ வழக்கமா?"

"இல்ல. ஜெயில்தான்."

அண்ணன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார்.

ஆனி 8, திங்கள்

தூறல். எட்டாம் வகுப்பில் பெயர் வாசித்தேன். கடைசிப் பெயருக்கு வந்து நின்றேன்.

"உள்ளேன் ஐயா." கதவோரம் மூச்சு வாங்க வள்ளிமயில்.

தாமதம். சித்தப்பாவாவது ஒன்றாவது! ஐந்து நிமிடம் வெளியே நிற்க வைத்தேன்.

பெண்கள் மூவர்.

கேட்டருகே அண்ணன். என் பக்கம் திரும்பவில்லை. பியூனிடம் கேட்கிறார்:

"சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவாக?"