எண்ணெய்க் கறைச் சுவர்

பாப்பா அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

மூடிக் கிடந்த பஞ்சாலையை நூலகமாக மாற்றுகிறார்கள். பெயின்ட் வேலை எனக்கு. சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில், அந்தக் காலத் தொழிலாளர்கள் தலை சாய்த்து உட்கார்ந்ததில் படிந்த எண்ணெய்க் கறைகள் வரிசையாக இருந்தன. அசிங்கமாக இருக்கிறதே என்று ஒன்றின்மேல் பெயின்ட் அடித்துவிட்டேன். இன்ஜினியரம்மா ஓடிவந்தார்.

"அதத் தொடாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! இங்க உக்காந்தவங்க ஞாபகமா அது ஒண்ணுதானே மிச்சம்!"

காய்வதற்குள் துடைத்துவிட்டேன். கறை பாதி தப்பியது, வேலையும் தப்பியது, பயப்படாதே.

எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். நம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வருவதாகச் சொன்னாயே. டிவிக்கு எதிர்ச்சுவரில், நான் தலை சாய்த்துச் சாய்த்து நீ திட்டித் தீர்த்த கறை இருக்குமே, அதை மட்டும் விட்டுவிடச் சொல்.

பாப்பா அப்பா