சம்பந்தி அனுப்பிய கத்தி

செக்காலை, காரைக்குடி
10.2.2025

சம்பந்தி முருகப்பன் அவர்களுக்கு, சேவுகன் எழுதுவது.

நீங்கள் கூரியரில் அனுப்பிய கத்தி சனிக்கிழமை என் கடைக்கு வந்து சேர்ந்தது. அதில் என் மகள் பெயர் இருக்கிறது.

முழுப் பெயர் இல்லை. 'சே. மீ' வரைக்கும் நிற்கிறது, மிச்சம் நெருப்பில் போயிருக்கிறது. அது என் பாத்திரக்கடையில் வெட்டிய எழுத்து. எங்கள் கடையில் பெயர் வெட்டுகிறவர் 'மீ'யின் சுழியை உள்ளே இழுத்துத்தான் வெட்டுவார், காரைக்குடியில் வேறு யாரும் அப்படி வெட்டுவதில்லை. ஆக, மீனு கல்யாணத்துக்கு நான் வைத்த சீரிலிருந்த அரிவாள்மனையைக் கத்தியாக அடித்து, 'அன்பளிப்பு' என்று சீட்டும் எழுதி எனக்கே அனுப்பியிருக்கிறீர்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரன் தலையிலேயே உடைத்தவர் நீங்கள்தான்.

நீங்கள் பேங்கிலிருந்து ரிட்டையர் ஆன பிறகு பொழுதுபோக்குக்கு இரும்பு அடிக்கிறீர்கள் என்று காசி சொல்லியிருந்தார். மாப்பிள்ளை சொன்னதால் சிரிக்காமல் கேட்டுக்கொண்டேன். நம் ஆட்கள் தராசு பிடித்திருக்கிறோம், பேனா பிடித்திருக்கிறோம். சம்மட்டி பிடித்தவரை நான் பார்த்ததில்லை. பிடிக்க ஆசை வந்தால் பிடியுங்கள், உங்கள் இரும்பை அடியுங்கள். அமராவதிபுதூர் வீட்டில் மீனு சாமான் பூட்டியிருக்கிற அறைக்குச் சாவி அவளிடம் மட்டும்தான் இருக்கிறது. அந்த அறையில் கிடக்கிற ஒரு கரண்டிக்குக்கூட நீங்களோ காசியோ பாத்தியதை இல்லை. இது நம் வழக்கம். உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

கத்தி எப்படி வெட்டுகிறது என்று சீட்டில் கேட்டிருக்கிறீர்கள். பொய் சொல்லமாட்டேன். நன்றாக வெட்டுகிறது. என் மனைவி அழகம்மாள் பரங்கிக்காயில் வைத்தாள், தானாக இறங்கியது. கனம் சரியாக இருக்கிறது, பிடி கையில் நிற்கிறது. என் கடையில் வைத்தால் ஒரு நாள் தங்காது. ஆனால் அது நான் பார்த்து வாங்கிய இரும்பின் குணம். உங்கள் கைக்கு அதில் பங்கில்லை.

பூட்டை உடைத்தீர்களா, கள்ளச்சாவி போட்டீர்களா, என்னென்ன எடுத்தீர்கள், எழுதுங்கள். போனில் பேச வேண்டாம். போனென்றால் லோன் கேட்க வந்தவனிடம் பேசுகிற குரலில் பேசுவீர்கள். எழுத்தென்றால் சாட்சி இருக்கும்.

சேவுகன்


அமராவதிபுதூர்
12.2.2025

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு முருகப்பன் வணக்கம்.

இங்கு யாவரும் நலம். தங்கள் நலமும் தங்கள் இல்லத்தார் நலமும் அறிய அவா என்று எழுதுவது முறை. ஆகவே எழுதுகிறேன்.

அறையைத் திறந்தது நான். எடுத்தது நான். இதில் வேறு யாரையும் இழுக்க வேண்டாம். போன ஐப்பசி மழையில் அந்த அறையின் ஓடு ஒழுகியது. பித்தளை, எவர்சில்வர் எல்லாவற்றையும் பக்கத்து அறைக்கு மாற்றி வைத்தாயிற்று, ஒரு டம்ளர் குறையவில்லை. இரும்புச் சாமான்கள் மட்டும் துருவேறிக் கிடந்தன. அவற்றில் அரிவாள்மனை, தோசைக்கல், பணியாரக்கல் ஆகியவற்றை உபயோகித்துக்கொண்டேன்.

என் பொழுதுபோக்கைப் பற்றித் தாங்கள் கேலி எழுதியிருப்பதால் சொல்கிறேன். வீடியோ பார்த்துத்தான் கற்றேன். பழைய கார் பிரேக் டிரம்மில் கரி போட்டு, ஹேர் டிரையரால் காற்று விட்டு, கொல்லையில் உலை வைத்திருக்கிறேன். முதலில் கொக்கி அடித்தால் ஆணியாக வந்தது, ஆணி அடித்தால் ஒன்றும் வரவில்லை. புருவம் ஒரு பக்கம் கருகியது. என் மனைவி சிட்டாள் மூன்று நாள் பேசவில்லை, அதுவும் லாபம். தங்களைப் போல் கல்லாவில் உட்கார்ந்தே காலம் கழிக்க எல்லோராலும் முடியாது.

ஒன்று கேட்க வேண்டும். தாங்கள் வைத்த தோசைக்கல்லைச் சிவக்கச் சுட்டு ஒரே ஒரு அடி அடித்தேன். நான்கு துண்டாகிவிட்டது. பணியாரக்கல்லும் அதே கதி. பெற்ற மகளுக்கு வைத்த சீரின் தரம் இவ்வளவுதானா? கடையில் விலைபோகாத சரக்கைச் சீரில் தள்ளிவிடுவது வியாபாரிகளிடம் உண்டென்று கேள்விப்பட்டிருக்கிறேன். முப்பத்தைந்து வருடம் பேங்கில் ஸ்டாக் பார்த்தவன் நான்.

இப்படிக்கு,
முருகப்பன்


செக்காலை
13.2.2025

சம்பந்திக்கு,

வார்ப்பு இரும்பைச் சிவக்கச் சுட்டுச் சம்மட்டியால் போட்டால் உடையாமல் என்ன செய்யும், அப்பளமாகப் பொரியுமா? தோசைக்கல் ஊற்றி எடுப்பது. அடித்து எடுப்பதில்லை. என் கடை வாசலில் சவாரிக்கு நிற்கிற ஆட்டோக்காரரைக் கேட்டாலே சொல்வார். முப்பத்தைந்து வருடம் ஸ்டாக் பார்த்தவருக்குத் தெரியவில்லை.

தரம் பற்றி நீங்கள் பேசுகிறீர்கள். கல்யாணத்தன்று சாமான் பரப்பியபோது ஒவ்வொரு அண்டாவாகக் குனிந்து, விரலால் சுண்டிச் சுண்டி ஓசை பார்த்தது யார்? ஊர் பார்த்தது. "ஏம்ப்பா சேவுகா, ஒஞ் சம்பந்தி சாமான் பாக்குறாரா, தேங்கா வாங்குறாரா?" என்று பங்காளி ஒருவர் என் காதிலேயே கேட்டார். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். சைக்கிளில் பாத்திரம் கட்டித் தெருத்தெருவாக விற்றுக் கடை வைத்தவன், என் மகளுக்காக வாயை மூடினேன். இனி மூடமாட்டேன்.

ஹேர் டிரையர் என்றீர்களே. உங்கள் தலையில் அதற்கு வேலையில்லை என்று கல்யாண போட்டோவிலேயே தெரிகிறது. அது யாருடையது? அதுவும் என் மகள் சீரில் வந்ததா?

நேற்று மதுரையில் இருக்கிற மகளுக்கு போன் போட்டேன். மீனு என்ன சொல்கிறாள் தெரியுமா? "விடுங்க அப்பச்சி, இரும்புதானே." எடுத்துவைத்த சாமானில் ஒரு கரண்டி குறைந்ததற்குக் கல்யாணத்துக்கு முதல் நாள் என்னோடு சண்டை போட்டவள் அவள். அவளா விடச் சொல்கிறாள்? ஒன்று, உங்கள் வீட்டில் அவளால் வாய் திறக்க முடியவில்லை. இல்லையென்றால், அந்த வீடே வேண்டாம் என்று மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டாள். காசியோடு பேசினாலும் சுருதி சரியில்லை, "அப்பாக்கிட்டக் கேட்டுக்கங்க மாமா" என்று நழுவுகிறார். எதுவாயிருந்தாலும் என் மகள் சாமான் இனி உங்கள் கூரைக்குக் கீழே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரி வரும். எண்ணி ஏற்றி அனுப்புங்கள். பெண் வீட்டார் சீரைத் திருப்பி ஏற்றினால் ஊரில் அதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியும். அந்தக் கல்யாணம் முடிந்துபோனது என்று பேர். தெரிந்துதான் எழுதுகிறேன். மகளைத் திருப்பி அழைத்துவந்து வைத்துக்கொள்ள எனக்கு வீடு இருக்கிறது, தெம்பும் இருக்கிறது.

சேவுகன்


அமராவதிபுதூர்
14.2.2025

சம்பந்தி அவர்களுக்கு,

லாரியை நிறுத்துங்கள்.

நான்கு நாளாகத் தங்கள் வசவை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தேன். சும்மா இருக்கும்படி கேட்டுக்கொண்டது தங்கள் மகள். தங்கள் கடிதம் கண்டதும் மதுரைக்குப் போனில் படித்துக் காட்டினேன். "சொல்லிருங்க மாமா" என்றாள். சொல்கிறேன்.

அறையைத் திறந்தது மீனு, அவள் சாவியால். மழைக்குப் பிறகு சாமானை மாற்றிவைக்க வந்தாள். அன்றுதான் நான் கொல்லையில், என் வீட்டுப் பழைய தோசைக்கல் ஒன்றை உலையில் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தவள், "என்ன மாமா செய்யிறீக? அது ஊத்துன இரும்பு. அதை அங்குட்டுப் போடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், துருப்பிடித்த அரிவாள்மனையைத் தூக்கிவந்து முன்னால் போட்டாள். "இதை அடிங்க. இது வளையும்." கடைக்காரர் வீட்டுப் பெண் என்று அன்று ஒப்புக்கொண்டேன். தங்கள் தோசைக்கல்லும் பணியாரக்கல்லும் எண்ணெய் பூசி அலமாரியில் இருக்கின்றன. போன கடிதத்தில் எழுதியது பொய். சாவி யாருடையது என்று தாங்கள் யோசிக்கக் கூடாதென்று வேறு பக்கம் இழுத்தேன். நன்றாகவே இழுபட்டீர்கள்.

என்னை விலகச் சொல்லிவிட்டு அவளே சுத்தியலை வாங்கினாள். அது முதல் இரண்டு சனிக்கிழமைக்கு ஒரு தரம் வருகிறாள். காலையில் வந்தால் சாயங்காலம்தான் உலையை விட்டு எழுந்திருப்பாள். கம்ப்யூட்டரில் வாரம் முழுக்கத் தட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசமென்று கேட்டேன். "இங்க தட்டுனா ஏதாவது மாறுது மாமா" என்றாள். காசி கிட்டே வரமாட்டான், தூர நின்று படம் எடுப்பான். இருவரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஹேர் டிரையர் அவளுடையது. தாங்கள் சரியாகவே கண்டுபிடித்தீர்கள்.

அந்தக் கத்தி நான் அடித்ததல்ல. அவள் அடித்தது. அதற்கு முன் அடித்ததெல்லாம் எண்ணெயில் முக்கியதும் கோணியது, இல்லையென்றால் விரிசல் விட்டது. இது நின்றது. பெயரில் பாதி நெருப்பில் போனதும், 'சே' பக்கம் சுத்தியல் படாமல் பார்த்துப் பார்த்து அடித்தாள்.

என் பெயரில் அனுப்பியதற்குக் காரணம் அவள் வாயாலேயே: "நான் செஞ்சேன்னா அப்பச்சி ஒண்ணு திட்டுவாக, இல்லேன்னா மகளாச்சேன்னு நல்லாருக்கும்பாக. எதையும் நம்ப முடியாது. ஒங்களை அவுகளுக்கு ஆகாது. நீங்க அனுப்புனாத்தான் உண்மையைச் சொல்வாக." தங்கள் முதல் கடிதத்தில் பரங்கிக்காய் வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். மற்ற வசவையெல்லாம் நான் வைத்துக்கொள்ளலாமாம்.

நேரே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். "கடைப் பக்கம் வராதே, படி" என்று தாங்கள் சொல்லி வளர்த்த பெண். நம் ஆட்கள் சம்மட்டி பிடித்துப் பார்த்ததில்லை என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அண்டாவைச் சுண்டிப் பார்த்தேன், உண்மை. ஓசை நன்றாக இருந்தது. அதை அன்றே சொல்லியிருக்கலாம். தாங்கள் முகத்தை வைத்திருந்த விதத்தில் சொல்லத் தோன்றவில்லை.

முருகப்பன்


செக்காலை
17.2.2025

சம்பந்திக்கு,

லாரி வரவில்லை என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதனால் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கூடியிருக்கிறது. இரும்பை நீங்கள் எடுத்திருந்தால் அது இரும்போடு போயிருக்கும். என் மகள் இரண்டு சனிக்கிழமைக்கு ஒரு தரம் அமராவதிபுதூருக்கு வந்து, உங்கள் வீட்டில் சாப்பிட்டு, உங்களோடு சிரித்துப் பேசி, செக்காலை வழியாகவே பஸ் பிடித்துத் திரும்பியிருக்கிறாள். ஒரு தரம்கூட என் வாசலில் இறங்கவில்லை. "வேலை அப்பச்சி, லீவு இல்லே அப்பச்சி" என்று அவள் போனில் சொன்னதை நம்பி, "ஒடம்பைப் பாத்துக்க ஆத்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இதை உங்களால் ஈடுகட்ட முடியாது. முயற்சியும் பண்ண வேண்டாம்.

மீனுவிடம் நான் பேசவில்லை. அழகம்மாள் பேசுகிறாள், நான் பக்கத்தில் நின்று கேட்கிறேன். கை கொப்புளித்திருக்கிறதாம், அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். உங்கள் வீடியோக்காரர் கண்ணாடி போடச் சொல்லவில்லையா? தோல் பூட்ஸ்? அவள் சுடிதாருக்கு மேலே துப்பட்டா போட்டுக்கொண்டா உலை முன்னால் நிற்கிறாள்? உங்கள் புருவம் போனால் எனக்கு நஷ்டமில்லை.

இனி இப்படித்தான் நடக்க வேண்டும். சீர்ச் சாமானை யாரும் தொடக் கூடாது, அவளும் கூடாது. அவளுக்கு வேண்டிய இரும்பு என் கடையிலிருந்து வரும். மானகிரிப் பக்கம் லாரி உடைக்கிற ஒருவர் எனக்குப் பழக்கம், ஸ்பிரிங் பட்டை பார்த்து எடுத்துத் தருவார். கத்திக்கு அதைவிட நல்ல இரும்பு கிடையாது. துப்பட்டா இல்லாமல், கண்ணாடியும் பூட்ஸும் போட்டுத்தான் அடிக்க வேண்டும். அவள் வருகிற சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு செக்காலையில். நீங்கள் கூட வர வேண்டியதில்லை.

அடித்த கத்தியை வீட்டில் அடுக்கி வைத்துத் துருப்பிடிக்க விடுவது கடைக்காரன் மகளுக்கு அழகில்லை. தேறியதைக் கடையில் வைக்கிறேன். அவளுக்குக் கத்தி ஒன்றுக்கு ஐந்நூறு தருவேன். கேட்டு எழுதுங்கள்.

சேவுகன்


அமராவதிபுதூர்
19.2.2025

சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை மதுரைக்குப் படித்துக் காட்டினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என் சொந்தச் சரக்கு எதுவும் இல்லை.

பூட்ஸ் சரி. கண்ணாடி சரி. சீரைத் தொடமாட்டாள். சாப்பாட்டுக்கு வருவாள், ஆனால் சாப்பிட்டதும் கை கழுவிவிட்டு எழுந்து வரமாட்டாள், சாயங்காலம் வரை கடையில் உட்காருவாள், தன் கத்தியைத் தானே விற்பாள். "'படி'ன்னு சொன்னாகள்ல, படிச்சாச்சு" என்று சொல்லச் சொன்னாள்.

ஐந்நூறு கட்டாதாம். கரிச் செலவும் செய்கூலியும் கணக்குப் பார்த்தால் எண்ணூறு. தங்களுக்கு மனமில்லையென்றால் மதுரையில் ஒரு கடையில் பேசிவைத்திருக்கிறாளாம். பேசிவைத்திருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. தங்கள் மகள், தங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நானும் இரண்டு கத்தி அடித்திருக்கிறேன். அவற்றையும் கடையில் வைக்க இடமிருக்குமா?

முருகப்பன்


செக்காலை
20.2.2025

சம்பந்திக்கு,

மதுரையில் எந்தக் கடையிலும் பேசியிருக்கமாட்டாள். விலையை ஏற்றச் சொல்லியிருப்பாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக வந்திருக்கிறது.

நேற்று ராத்திரி அழகம்மாள் போனை என் காதில் வைத்துவிட்டாள். பேசினோம். வியாபாரம் மட்டும்தான் பேசினோம்.

முடிவான பேச்சு இது. மீனு அடித்த கத்தி ஒன்றுக்கு அறுநூற்றைம்பது, கையில் ரொக்கம். இரும்பும் கரியும் என் பொறுப்பு. சனிக்கிழமை சாப்பாட்டுக்கு மேல் கடையில் அவளுக்கு ஒரு நாற்காலி. கோணியது, விரிசல் விட்டது எதுவும் எடுக்கமாட்டேன், மகளென்றாலும் திருப்பித்தான் அனுப்புவேன். அவளுக்கு இது சம்மதம்.

நீங்கள் அடித்த இரண்டையும் அவள் கையில் கொடுத்தனுப்புங்கள். பழைய இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்கிறேன், கிலோ முப்பத்திரண்டு ரூபாய்.

சேவுகன்