வாயைக் காத்துத் தந்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை ஆரியசாலையில் உங்கள் கடை வழியாகப் போனேன். உங்கள் தம்பி வற்றல் மிளகாய் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நெடி ஏறியதும் வரிசையாக ஆறு தும்மல். கண்ணில் நீர் கொட்டக் கொட்டச் சிரித்தேன். உங்களிடம் பேசியே ஆக வேண்டும் என்று மனசு பரபரத்தது. அதுவும் நேற்று நடந்ததற்குப் பிறகு!

நாம் முதலில் சந்தித்தது கீமோ வார்டில். மார்புக் கட்டியை எடுத்த பிறகு எனக்கு அன்று முதல் மருந்து. பக்கத்து நாற்காலியில் நீங்கள், தலையில் பச்சைத் துண்டும் மடியில் எவர்சில்வர் பிளாஸ்குமாக. நான் அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் பெயர்கூடக் கேட்கவில்லை.

"பிள்ளே, பல்லு டாக்டரப் பாத்துட்டுத்தானே வந்த?"

"பாத்தேன்க்கா. ரெண்டு பல்லு அடைச்சாங்க. மார்புல உள்ள நோய்க்குப் பல்ல எதுக்குப் பாக்காங்கன்னுதான் தெரியல."

"நானும் அப்படி நெனச்சுத்தான் உடைஞ்ச கடவாப்பல்ல மறைச்சு வச்சேன்" என்றீர்கள். முதல் மருந்து ஏறிய பத்தாம் நாள் உங்கள் வாய் முழுக்கப் புண். அந்தப் பல்லைச் சுற்றி ஈறு வீங்கி, காய்ச்சல் கொதித்திருக்கிறது. ஊருக்கே மிளகாய் விற்றவர், கஞ்சித் தண்ணீரை விழுங்க முடியாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீர்கள். அடுத்த கீமோ இரண்டு வாரம் தள்ளிப்போனது.

"இவ்வளவு பெரிய மருந்து, ஒரு சொத்தப்பல்லுக்காகக் காத்துக் கெடந்துது, கேட்டியா?"

சொல்லிவிட்டு பிளாஸ்கைத் திறந்தீர்கள். உள்ளே உடைத்த ஐஸ். எனக்கு ஊட்ட வந்த உங்கள் கையை மலையாளி நர்ஸ் பிடித்துக்கொண்டார்.

"சேச்சி, டாக்டர்ட்ட கேக்காம கொடுக்காதீங்க. எல்லா மருந்துக்கும் இது ஆவாது, கேட்டோ!"

அவரே போய்க் கேட்டு வந்தார். நம் இருவருக்கும் ஏறிய மருந்துக்கு ஐஸ் போடலாமாம். குளிரில் வாயின் ரத்தக் குழாய்கள் சுருங்குமாம், மருந்து அங்கே குறைவாகப் போகுமாம், புண்ணும் குறையுமாம். மருந்து ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே தொடங்கி அரை மணி நேரம் வாயில் ஐஸ் இருந்துகொண்டே இருக்க வேண்டும். நாக்கு மரத்துப் போய் நாம் பேசிய தமிழ் நமக்கே புரியவில்லை. கீமோ வார்டில் அப்படிச் சிரிப்போம் என்று யார் நினைத்தார்கள்?

என் மூன்றாம் சுற்றன்று பிளாஸ்க் மூடி சரியாக மூடவில்லை. பேருந்திலேயே ஐஸ் தண்ணீராகிவிட்டது. மருந்து தயார், நர்ஸ் வந்துகொண்டிருக்கிறார். உங்களுக்கு இன்னும் டிரிப் போடவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நீங்கள் ஓடிய ஓட்டம்! வாசலில் எலுமிச்சை சோடாக்காரர் பெரிய கட்டியே கொடுத்தாராம். "எந்தத் தண்ணி ஐஸ்?" என்று கேட்டு, அவர் விழித்ததும் அதை அங்கேயே வைத்துவிட்டு கேன்டீனுக்குப் பாய்ந்திருக்கிறீர்கள். காய்ச்சிய தண்ணீரில் செய்த ஐஸ் கிடைத்ததும் கிண்ணத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் கத்தினீர்கள்: "கெடச்சுட்டு! பிள்ளே, வாயத் தொற!" மூச்சு வாங்கியது உங்களுக்கு. கைதட்டியது வார்டு.

ஆறு சுற்றும் எனக்கு ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை, அக்கா.

உங்களுக்குத்தான் மறு வருடம் நோய் திரும்பி வந்தது. ஈரலில். இந்த முறை வேறு மருந்து, அதற்கு ஐஸ் கூடாது என்றார்கள். "பரவால்ல, உப்பும் சமையல் சோடாவும் தண்ணில கலந்து கொப்புளிச்சா போதும்னு சொல்லிருக்கு" என்று எனக்குத் தைரியம் சொன்னீர்கள். கடைசியாக போனில் பேசியபோதும் அந்தக் குரலில் உற்சாகம் குறையவில்லை. "இன்னைக்கு நாரத்தங்கா ஊறுகாய் தின்னேன் பிள்ளே, எரியவே இல்ல!" போன மழைக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள்.

சரி, நேற்றைய சேதிக்கு வருகிறேன். தம்பானூர் லாட்ஜில்தான் இன்னும் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். சிகிச்சைக்காக வந்து தங்குகிறவர்களிடம் வாயைப் பற்றி விசாரிக்காமல் நான் அறைச் சாவி கொடுப்பதே இல்லை. நேற்று தென்காசியிலிருந்து ஒரு அம்மாவும் அவர் மகளும் வந்தார்கள். அம்மாவுக்கு மறுநாள் முதல் கீமோ. பல் டாக்டருக்கு எழுதிய சீட்டு பைலுக்குள் மடிப்புக் கலையாமல் கிடந்தது. "அத ஊருக்குப் போய் பாத்துக்கலாம்னு இருந்தோம்" என்றார் அந்த அம்மா. வாயைத் திறக்கச் சொன்னேன். கீழ்ப் பல்லின் ஈறில் சீழ்!

மேசையைப் பக்கத்தில் இருந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து நானே கூட்டிப் போனேன். பல் டாக்டர் பார்த்ததும் புற்றுநோய் டாக்டருக்கு போன் செய்தார். பல்லை எடுத்து, புண் ஆறிய பிறகு கீமோ தொடங்கலாம் என்று இருவருமாக முடிவு செய்தார்கள். இந்தச் சீழோடு மருந்து ஏறியிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாம் என்று புற்றுநோய் டாக்டர் சொன்னாராம்.

இன்று நான் ஆரியசாலையிலிருந்து திரும்பியதும் அந்த மகள் மாடியிலிருந்து ஓடி வந்தாள். "அம்மா ராத்திரி நல்லாத் தூங்கினாங்கக்கா! நீங்க நர்ஸா?"

"இல்லம்மா."

"அப்ப யாரு இதெல்லாம் சொல்லித் தந்தாங்க?"

உங்கள் பெயரைச் சொன்னேன், அக்கா. தெருவில் பஸ் ஹாரன் அடித்ததில் அவளுக்குக் கேட்கவில்லை. "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். வரவேற்பறை முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.