ஸ்டாக்கில் ஒரே ஒரு நாற்காலி

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? தினமும் நடக்கிறீங்களா, இல்ல நடந்தேன்னு அம்மாகிட்ட கதை விடுறீங்களா?

நான் நல்லா இருக்கேன். எங்க கிடங்குச் சரக்குக்கு ஒரு சாப்ட்வேர், ஆன்லைன் கடைக்கு இன்னொண்ணு. ரெண்டும் பேசிக்காம இருந்துச்சு. ஆறு மாசம் சம்பந்தம் பேசி, திங்கட்கிழமைதான் சேர்த்து வச்சேன்.

பத்தே நிமிஷத்துல முதல் ஆர்டர் வந்துச்சு. மர நாற்காலி, ஸ்டாக்குல ஒண்ணுன்னு காட்டுச்சு. கிடங்குக்காரர் தேடு தேடுன்னு தேடினார். கடைசியில பார்த்தா, அவர் தினமும் உட்கார்றதே அதுலதான்! நாலு வருஷம் முன்னாடி தனக்குன்னு எடுத்துப் போட்டவர், கணக்குல கழிக்கவே இல்ல.

வாங்கினவருக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னோம். "நாலு வருஷம் உட்கார்ந்தும் உடையலையா? அப்ப அதையே அனுப்புங்க"ன்னுட்டார்.

"உன் புண்ணியத்துல நிக்கிறேன்மா"ன்னு கிடங்குக்காரர் சிரிச்சார். எனக்குத்தான் மனசு கேட்கல. என் ரூம்ல ரெண்டு நாற்காலி. ஒண்ணுல நான், இன்னொண்ணுல துவைச்ச துணி. வந்ததிலிருந்து அதுல ஆள் யாரும் உட்கார்ந்ததில்ல. அதைத் தூக்கிட்டுப் போய் அவருக்குக் கொடுத்துட்டேன்.

பார்சல் அனுப்பினா என் பழைய அலாரம் கடிகாரத்தையும் வைங்க. போன் எழுப்புது, ஆனா நம்ம வீட்டுச் சத்தம் மாதிரி இல்ல.

பஸ் வர்ற நேரமாச்சு, முடிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் வந்தா எங்க உட்காருவோம்னு யோசிக்காதீங்க. அதே மாதிரி நாற்காலி கிடங்குக்குப் புதுசா பதினொண்ணு வந்திருக்கு. தினமும் காலையில ஸ்டாக் பார்த்துடுறேன். தேதி மட்டும் சொல்லுங்க, ரெண்டு ஆர்டர் போட்டுடுறேன்.

உங்க மக