மீன் தலை எந்தப் பக்கம்

யோங்சொன்,
அக்டோபர் 19

அன்பு மகள் ஹேரிமுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம், ஹெல்சிங்கியில் நீயும் மாப்பிள்ளையும் குளிரில் விறைக்காமல் நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ "சாப்ட்டீங்களாப்பா" என்பாய், நான் "ம்" என்பேன், அதோடு பேச்சு முடிந்துவிடும், அதனால்தான் கடிதம்.

உன் அம்மாவின் முதல் வருஷத் திதி நல்லபடியாக முடிந்தது. லீவு கிடைக்கவில்லையே என்று நீ மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. நல்லபடியாக என்று எழுதிவிட்டேனே தவிர, நடந்ததைக் கேள். இந்த வீட்டில் முப்பத்தோரு வருஷம் படையல் வைத்தவள் அவள். நான் கோட்டு மாட்டிக்கொண்டு கடைசி நிமிஷத்தில் வந்து விழுந்து கும்பிட்டவன். கும்பிடும்போது கண் தரையில்தானே இருக்கும், மேசையில் எது எங்கே இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு வைக்கும் முதல் படையலே தப்பாகிவிடுமோ என்று ஒரு வாரம் தூக்கமில்லை. கடைசியில் போனை எடுத்து, "படையல் மேசை வைக்கும் முறையைத் தயவுசெய்து காட்டவும்" என்று தேடும் பெட்டியில் மரியாதையாக எழுதினேன். ஆயிரக்கணக்கில் வீடியோ வந்து விழுந்தது. அதிகம் பேர் பார்த்ததுதான் முதலில் வருமாம். இருபது லட்சம் பேர் பார்த்த ஒரு பட்டு அங்கிக்காரர், மீன் கிழக்கே, கறி மேற்கே, மீன் தலையும் கிழக்கே பார்க்க வேண்டும் என்றார். முப்பத்து நாலு வருஷம் பஸ் ஓட்டியவனுக்குக் கிழக்கு தெரியாதா? போனிலேயே திசைகாட்டியைத் திறந்து வைத்து, இம்மி பிசகாமல் முந்தின நாளே ஒத்திகை பார்த்தேன். உன் பெரியப்பா வந்தார். மீன் குளிர்பெட்டியைப் பார்த்தபடி படுத்திருந்தது. "ஏன்டா, உன் பொண்டாட்டி பிரிட்ஜுக்குள்ளேருந்தா வரப்போறா?" என்றார். சரி, நீங்களே வையுங்கள் என்றேன். அவருக்கும் தெரியவில்லை, தப்பு என்பது மட்டும் தெரிந்தது. இதற்குள் அந்தப் போன், நான் கேட்காமலே, அறுபது வயதுக்குமேல் மறுமணம் செய்வது எப்படி என்று வேறு காட்ட ஆரம்பித்துவிட்டது.

முதியோர் மையத்தில் எங்களுக்குச் செல்போன் சொல்லித்தரும் ஓக் டீச்சரிடம் போய் நின்றேன். "பொதுவா கேட்டா ஊருக்கே குடுக்கறதைத்தான் உங்களுக்கும் குடுக்கும், ஐயா. அதுக்குத் தயவுசெய்து எல்லாம் எதுக்கு? உங்க ஊரு, உங்க வீட்டுப் பேரு, என்ன வேணும், மூணையும் சேத்துப் போடுங்க" என்றாள். யோங்சொன், பே வீடு, படையல் என்று போட்டேன். தள்ளித் தள்ளிப் போனால் அடியில் கிடந்தது, "யோங்சொன் பே வீட்டுப் படையல், அம்மா திட்டுகிறாள்". நீ காலேஜில் படிக்கும்போது எடுத்துப் போட்டது. பார்த்தவர்கள் மொத்தம் பதினேழு பேர்.

அதில் உன் அம்மாவின் முகமே இல்லை, கையும் குரலும்தான். "கேமராவைக் கீழ வச்சிட்டு அந்தப் பேரிக்காயை எடுடி" என்கிறாள். கிழக்கு எது என்று நீ கேட்கிறாய். "படையல் மேசைக்குப் பின்னால மடிப்புத்திரை நிக்குதுல்ல, அதுதான் நமக்கு வடக்கு. அதைப் பாத்து நின்னா வலது கைப்பக்கம் கிழக்கு. சூரியனைத் தேடாத, உங்கப்பனாட்டம்" என்கிறாள். நான் செய்யப்போவது அப்போதே தெரிந்திருக்கிறது அவளுக்கு. மறுநாள் அவள் ஒரு தட்டு வைக்க, நான் வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு தட்டு வைக்க, அப்படியே மேசை நிறைந்தது. தன் படையலைத் தானே திட்டித் திட்டி வைத்துக்கொண்டுவிட்டாள். நான் அழுதேன். வெங்காயம் நறுக்கினான் என்று பெரியப்பா எல்லோரிடமும் சொல்லிச் சமாளித்தார், படையலில் வெங்காயமே கிடையாது.

இப்போது அதைப் பார்த்தவர்கள் அறுபத்து மூன்று. உன் புகழ் பரவிவிட்டது என்று நினைத்துவிடாதே, எல்லாம் நான்தான்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஒன்று மட்டும் மறக்காதே. புது ஆபீஸில் யாராவது பார்த்தால் மானம் போகும், பழைய வீடியோ எல்லாவற்றையும் அழிக்கப்போகிறேன் என்று போன மாதம் சொன்னாய். மற்றதை அழித்துக்கொள். இதை மட்டும் விட்டுவை. மீன் தலை எந்தப் பக்கம் என்பது அடுத்த வருஷமும் எனக்கு மறந்துபோகும். கற்றுக்கொள்வதாக இல்லை.

உன் அப்பா,
பே குவாங்சிக்