ரகுபதிக்கு ஒரு சாக்கு

1943 மார்ச் 7, ஞாயிறு

இன்றும் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி துருவும் கூட்டம். ஜப்பான்காரன் வந்ததோடு மதராஸ் பத்திரிகை நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. தொடர்கதை இல்லாமல் எங்கள் கஜா பெராங் வட்டாரப் பெண்கள் தவித்ததைப் பார்க்கமுடியாமல் நானே ஒன்றை வாயால் விட்டுக்கொண்டிருக்கிறேன். மைதிலியை விட்டுப் போன ரகுபதியை இன்று கப்பலில் ஏற்றித் திரும்ப அழைத்து வந்தேன். கோகிலா அண்ணி கிழங்கோடு விரலையும் துருவிக்கொண்டாள். பக்கத்து வீட்டு சீதா அக்கா செட்டிதான், ஆனால் தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் குடும்பம், தமிழ் வராது. எதிர்வீட்டு மஜீதா மலாயில் சொல்லச் சொல்லக் கேட்பாள். நான் வாய் திறக்கும் முன்பே "டியா பாலெக் கா?" என்கிறாள். வந்துவிட்டான் அக்கா, திரும்பி வந்தேவிட்டான்!

மார்ச் 9

போனவன் திரும்பி வருவதில் அப்படி என்ன ருசி? புதியவன் வந்தால் நம்மைப் பற்றி முதலிலிருந்து விளக்க வேண்டும். பழையவன் அழுதுகொண்டு வந்தால், தப்பு அவனுடையது, நாம் சரியாகத்தான் இருந்தோம் என்று ஊருக்கே தெரிந்துவிடுகிறது. அதுதான் போல.

மார்ச் 21

எழுதவே கை வரவில்லை. பொன்னுதுரை வந்தார்.

எனக்கு நிச்சயம் செய்து, பந்தலுக்குக் கீற்றுச் சொல்லியிருந்த சமயத்தில், ஈப்போவில் வேலை என்று போய் அப்படியே காணாமல் போன அதே பொன்னுதுரை. எட்டு வருடம். இப்போது தெங்கேராவில் சித்தப்பா வீட்டில் இருக்கிறாராம். கல்யாணம் ஆகவில்லையாம். டியூப் இல்லாத சைக்கிளில், டயருக்குள் கயிற்றைத் திணித்துக்கொண்டு, கடகடவென்று வந்து இறங்கினார்.

அண்ணி என் காதைக் கடித்தாள்: "கமலா, ரகுபதி வந்துட்டான்டி!"

ரகுபதிக்குக் காதோரம் மட்டும் நரைத்திருக்கும். இவருக்கு நரைக்க முடியே இல்லை. கதையில் வழுக்கை என்பதே கிடையாது, இதை ஏன் நான் யோசிக்கவில்லை? ஆனாலும் குரல் அதே குரல். நெஞ்சு அடித்துக்கொண்டது. பொய் எழுதி என்ன பயன்.

மார்ச் 28

இன்று நேராகவே கேட்டுவிட்டேன். அண்ணி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டது எனக்குத் தெரியும்.

"உங்க அம்மா தடுத்தாங்களா?"

"இல்ல."

"கடுதாசி போட்டு, யாராச்சும் மறைச்சிட்டாங்களா?"

"போடவே இல்ல."

"காய்ச்சல்ல கெடந்தீங்களா?"

"ஒரு தடவ. ரெண்டு நாளுல எந்திரிச்சிட்டேன்."

"பின்ன என்னதான்?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "புது ஊரு, புதுக் கூட்டாளிங்க. அடுத்த வாரம் எழுதலாம், அடுத்த வாரம் எழுதலாம்னு இருந்துட்டேன். அப்புறம் எழுத வெக்கமாப் போச்சு. வேற ஒண்ணுமில்ல கமலவேணி."

வேற ஒண்ணுமில்லையாம்! நானே மூணு சாக்கு எடுத்துக் குடுத்தேனே, ஒண்ணையாச்சும் புடிச்சிக்கக் கூடாதா? பொய்யாச்சும் சொல்லித் தொலைக்கலாம்ல? என் ரகுபதிக்கு நான் ஒரு கொடுமைக்கார மாமா, ஒரு கப்பல் விபத்து, ஆறு மாச நினைவிழப்பு எல்லாம் குடுத்து வெச்சிருக்கேன். இவருக்கு வெறும் அடுத்த வாரம்!

ஏப்ரல் 4

ரகுபதி மைதிலியின் வாசலில் நின்றான். அவள் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாள். கதை முடிந்தது என்றேன்.

பெரிய கலவரம். மஜீதா மொழிபெயர்க்கவே மறுத்துவிட்டாள். "இதெ எப்படிடி அந்தம்மாகிட்ட சொல்றது? நீ வேற கதெ சொல்லு!" அண்ணி ராத்திரிக் கஞ்சியை என் பக்கம் ஓசைப்பட நகர்த்தி வைத்தாள். அதில் கஞ்சி கொஞ்சம்தான் இருந்தது.

ஏப்ரல் 18

பட்டாளத்தான்கள் தெருவில் திரிகிற காலத்தில் தங்கச்சியைக் கன்னியாக வைத்திருக்க மாணிக்கவாசகம் அண்ணனுக்குப் பயம். பத்து பெரெண்டாம் என்ற ஊரில், மனைவியை இழந்த ஒருவரை எனக்குப் பார்த்திருக்கிறார். நெல் வயல் இருக்கிறதாம். அண்ணி பொன்னுதுரை பேரை எடுத்ததும், "கீத்தச் சொல்ல வெச்சிட்டு ஓடுனவன் பேச்சு இங்க வேணாம்" என்று கத்தினார்.

அண்ணன் சொல்வதும் நியாயம்தான். 'ஆண்டுகள் எட்டு உருண்டோடின' என்று கதையில் ஒரே வரியில் தள்ளிவிடுவேன். எனக்கு அவை உருளவில்லை. அப்பாவைச் சாகும்வரை தூக்கி உட்கார வைத்தேன். டைபாய்டில் முடி கொட்டியது. தமிழ்ப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது பிள்ளைகளுக்கு ஒரு பாடம் முன்னால் ஜப்பான் எழுத்துப் படிக்கிறேன். இதில் ஒன்றாவது அந்த மனிதருக்குத் தெரியுமா? கேட்டாரா? அவர் நினைவில் இருக்கிற கமலவேணியிடம் திரும்பி வந்திருக்கிறார். அவள் இங்கே இல்லை.

மே 9

பொன்னுதுரை ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறார். மரவள்ளிக் குச்சிகளைக் கொண்டுவந்து வேலியோரம் நடுகிறார். அண்ணன் முதல் வாரம் முறைத்தார். இரண்டாம் வாரம் மண்வெட்டியைக் காட்டினார். மூன்றாம் வாரம் குச்சி சாய்ந்திருக்கிறது என்று குறை சொன்னார். பசி மானத்தைப் பார்ப்பதில்லை.

இன்று தண்ணீர் கொடுக்கப் போனேன்.

"உனக்கு முடி நிறைய இருக்குமே, எப்படிக் கொறஞ்சுச்சு?"

அவர் என்னைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி.

"உங்களுக்கு எப்படிக் கொறஞ்சுச்சோ அப்படித்தான்."

சிரித்துவிட்டார். நானும்தான். பிறகு டைபாய்டு பற்றிச் சொன்னேன். அவர் வேலையை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டார்.

மே 23

அப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

ஜூன் 20

சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்கிறார்கள். தோட்டங்களில் லாரி வந்து நிற்கிறதாம், ஏறியவர்கள் திரும்பவில்லையாம். இப்போது டவுனிலும் தனி ஆண்களைத் தேடுகிறார்கள். பொன்னுதுரையைக் குருபோங் பக்கம் ஒரு மலாய்க்காரர் பழத்தோட்டத்தில் ஒளித்துவைக்க அவர் சித்தப்பா ஏற்பாடு செய்துவிட்டார். தெங்கேராவிலிருந்து நேராகப் போயிருக்கலாம். அதை விட்டு, பட்டாளத்தான் நிற்கும் முச்சந்தியைத் தாண்டி, பட்டப்பகலில் எங்கள் வீட்டுக்கு வந்து நிற்கிறார்! சட்டை முழுக்க வேர்வை.

"பைத்தியமா உங்களுக்கு? புடிச்சிருந்தா?"

"சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன்."

"அதுக்காகவா?"

"போன தடவ சொல்லாமப் போனேன்ல."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அண்ணன் பின்பக்கத் தட்டியை விலக்கி, சுருட்டிய பாயோடு அவரை அந்தப் பக்கம் அனுப்பிவைத்தார்.

ரகுபதி வசனம் பேசுவான், காலில் விழுவான், ஒரு பாட்டே பாடுவான். போகும்போது சொல்லிக்கொண்டு போக அவனுக்கு ஒரு தடவைகூட நான் சொல்லித்தரவில்லை.

ஜூன் 21

பத்து பெரெண்டாம் சம்பந்தம் வேண்டாம் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. "கஷ்டம்தான், பாத்துக்க" என்றார்.

ஆகஸ்ட் 15

குருபோங் ரம்புத்தான் விற்க வந்த மலாய்க் கிழவி, வேண்டுமென்றே எங்கள் வாசலில் மட்டும் அரை மணி நேரம் விலை பேசிவிட்டுப் போனாள். போகும்போது சொன்னாள்: வழுக்கைக்காரன் நன்றாகச் சாப்பிடுகிறானாம்.

அக்டோபர் 31

ஆள் பிடிப்பது கொஞ்சம் அடங்கியதால் போன வாரம் பொன்னுதுரை பழத்தோட்டத்திலிருந்து திரும்பினார். இன்று கல்யாணம். இதைவிடச் சின்னதாக ஒரு கல்யாணம் செய்யமுடியாது. சர்க்கரை இல்லாததால் பாயசத்துக்கு வாழைப்பழம் பிசைந்தோம். சீதா அக்கா அவளுடைய பழைய சாரோங்கைக் கொடுத்தாள். எல்லோரும் அழுதார்கள். ரகுபதி திரும்பி வந்த கதை பலித்துவிட்டது என்று அண்ணிக்கு ஒரே பெருமை. நான் மறுக்கவில்லை. ஆனால் பலித்தது அந்தக் கதை இல்லை. போனவரைத் திரும்ப ஏற்கவில்லை நான். மார்ச்சில் வழுக்கையோடு வந்த ஒரு புது மனிதரைத்தான் கட்டிக்கொண்டேன்.

1944 பிப்ரவரி 13

உப்புக்காக விடியும்போதே கடற்கரைப் பக்கம் போனவர் சாயங்காலமாகியும் வரவில்லை. மழை வேறு. லாரியில் ஏற்றிவிட்டார்களோ, சாவடியில் அறைந்து உட்காரவைத்துவிட்டார்களோ, சைக்கிள் எங்காவது உடைந்ததோ என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். விளக்கு வைத்த பிறகு வந்தார். நன்றாகத் திட்டினேன். சைக்கிள்தான் உடைந்திருக்கிறது.

அவர் குனிந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: அத்தனையும் நினைத்தேனே, அவராகவே எங்காவது போயிருப்பார் என்று மட்டும் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.