ஜன்னல் பக்கத்துச் சுவர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஹாலின் படத்தைப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, சர்க்கஸ் கூடாரமா?" என்று கேட்டிருக்கிறாய். கேட்பாய். உள்கூரை முழுக்கப் பூவேலை செய்த அந்தக் காலத்து வீட்டுக்கு வெள்ளைதான் பொருந்தும் என்று பெயிண்டரும் முணுமுணுத்துக்கொண்டேதான் அடித்தார்.

அழகுக்கா அடித்தேன்? வெளிர் நிறமெல்லாம் உன் அம்மாவுக்குப் புகை மாதிரி ஆகிவிட்டது. அடர்ந்த நிறம்தான் கொஞ்சம் தெரிகிறது என்றாள். அதனால்தான் கதவுக்கு மஞ்சள், சோபாவுக்குப் பச்சை, ஒன்றோடொன்று சேராத நாற்காலிகள். இடித்துக்கொள்ளாமல் நடக்கட்டுமே. ஜன்னல் பக்கத்துச் சுவருக்கு நீலம் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். கடையில் அந்த நீலம் தீர்ந்துபோனதால் நல்ல சிவப்பாக வாங்கி வந்தேன். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். பெயிண்ட் வாடை போகும்வரை அவளை ஹால் பக்கமே விடவில்லை.

நேற்று கண் டாக்டரிடம் போய் வந்தோம். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

திரும்பி வந்ததும் அந்தச் சுவருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். நல்ல வெயில் நேரம். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீலம் எடுப்பா இருக்குங்க. எவ்வளவு மெனக்கெட்டிருக்கீங்க!"

"உனக்குப் பிடிச்சா சரி," என்றேன்.

ஏணியை எடுக்க வந்திருந்த பெயிண்டர் வாயைத் திறக்கப் போனார். கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டேன்.

நீ வரும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு. அந்தச் சுவர் நீலம்.

உன் அப்பா